கூரையில் கீல் கொண்ட கதவுகள்: சிறகுக் கதவின் பொறியியல்

விளையாட்டுக் கார்களின் கூரையில் கீல் பொருத்தப்பட்டு, பக்கவாட்டில் விரியாமல் மேல்நோக்கி எழும் கதவுகளை ஆங்கிலம் பேசுவோர் கடற்காகத்தின் சிறகோடு ஒப்பிட்டுக் ‘கல்விங்’ என்றும், பிரெஞ்சுக்காரர் வண்ணத்துப்பூச்சியோடு ஒப்பிட்டுப் ‘பாப்பியோன்’ என்றும் அழைத்தனர். இக்கட்டுரையில் அவை சிறகுக் கதவுகள் எனக் குறிக்கப்படுகின்றன. இரு கதவுகளும் உயர்ந்து நிற்கும்போது கிடைக்கும் தோற்றம் அத்தனை கவர்ச்சியானது என்பதால், அவை ஏதோ ஓர் ஓவியரின் மேசையில் அழகுக்காகவே பிறந்தவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் அவை ஒரு சட்டகத்தின் கட்டாயத்தால் பிறந்தவை. அக்கட்டாயம் மறைந்த பின்னரும் வடிவம் மட்டும் தங்கிவிட்டதால், அடுத்து வந்த பொறியாளர்கள் எடை, மழைநீர், விபத்து, கண்ணாடி, குளிர் எனப் பல முனைகளிலும் அதற்கு விலை கொடுக்க வேண்டியதாயிற்று. சிறகுக் கதவின் பொறியியல் வரலாறு என்பது பெரும்பாலும் அந்த விலையைக் குறைக்க நடந்த முயற்சிகளின் வரலாறே.

மேல்நோக்கித் திறக்கும் கதவுகள் எல்லாம் சிறகுக் கதவுகள் ஆகா. சிறகுக் கதவின் கீல் கூரையின் நடுப்பகுதியை ஒட்டி அமைந்திருக்கும். அது சுழலும் அச்சு காரின் நீளவாட்டில், முன்னிருந்து பின்னாக ஓடும். லம்போர்கினி கவுன்டாஷ் 1974 முதல் உற்பத்திக் கார்களில் புகழ்பெறச் செய்த கத்தரிக்கோல் கதவின் கீலோ முன்சக்கரத்தை ஒட்டிய மூலையில் இருக்கிறது; அதன் அச்சு காரின் குறுக்காக ஓடுவதால் கதவு தன் தளத்திலேயே சுழன்று செங்குத்தாக நிற்கும். முன்கண்ணாடித் தூணின் ஓரத்தில் சாய்ந்த அச்சில் பொருத்தப்பட்டு மேலும் வெளியுமாக ஒரே நேரத்தில் நகரும் மூன்றாவது வகையை மெக்லாரன் நிறுவனம் தன் எஃப்1 காரில் கையாண்டது. பார்வைக்கு மூன்றும் உறவினர்கள் போலத் தோன்றினும், கூரையை வெட்ட வேண்டுமா, கதவின் எடையை எந்த உறுப்பு தாங்குகிறது என்ற இரண்டு கேள்விகளில் அவை முற்றிலும் வேறுபடுகின்றன. பின்னர் வரும் விவாதத்துக்கு இந்த வேறுபாடு தேவைப்படும்.

சிறகுக் கதவின் கருத்து போருக்கு முன்பே இருந்தது. பிரான்சில் எத்தோரே புகாட்டியின் மகன் ஜான் புகாட்டி, வகை 64 என்ற காருக்காக 1939ஆம் ஆண்டளவில் இத்தகைய கதவை வரைந்திருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு சோதனை ஓட்டத்தின்போது அவர் இறந்துபோனதாலும், அடுத்த மாதமே போர் மூண்டதாலும் அம்முயற்சி உற்பத்திவரை செல்லவில்லை. ஆகவே கதவின் பொறியியல் வரலாற்றை 1952இல், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தொடங்குவதே பொருத்தம்.

போருக்குப் பின் பந்தயத்துக்குத் திரும்ப விரும்பிய டைம்லர்-பென்ஸ் நிறுவனத்திடம் அப்போது புதிய பந்தய எஞ்சினை உருவாக்கப் பணமோ நேரமோ இருக்கவில்லை. கையில் இருந்தது, 300 என்ற பெரிய சொகுசுக் காரின் 3 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். அது எடை மிக்கது, பந்தயத்துக்காகத் திருத்தப்பட்ட நிலையிலும் ஏறத்தாழ 170 குதிரைத்திறனுக்கு மேல் அதிகம் தரவில்லை. சோதனைப் பிரிவின் தலைவராக இருந்த ருடால்ஃப் ஊலன்ஹாட் எனும் பொறியாளர், திறனைக் கூட்ட இயலாத இடத்தில் எடையையும் காற்றுத் தடையையும் குறைப்பதே வழி என முடிவு செய்தார். எஞ்சினை இடப்புறமாக ஏறத்தாழ 50 பாகை சாய்த்துப் படுக்கவைத்ததால் பானெட் தாழ்ந்தது. ஆனால் கதவின் வரலாற்றுக்கு முக்கியமானது எஞ்சின் அல்ல, அதைச் சுமந்த சட்டகமே.

அதுவரை பெரும்பாலான கார்கள் இரண்டு தடித்த நீள்சட்டங்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த ஏணி வடிவச் சேசிஸின் மேல் கட்டப்பட்டன. ஊலன்ஹாட் தேர்ந்தெடுத்தது முப்பரிமாணக் குழாய்ச் சட்டகம்: மெல்லிய எஃகுக் குழாய்கள் முக்கோணம் முக்கோணமாக இணைக்கப்பட்டு, முனைகளில் பற்றவைக்கப்பட்ட ஒரு கூடு. முக்கோணத்தின் சிறப்பு, அதன் பக்கங்களின் நீளம் மாறாதவரை வடிவம் மாற இயலாது என்பது. எனவே சுமை முனைகளில் மட்டும் விழுமாறு அமைத்தால், ஒவ்வொரு குழாயும் இழுவிசையையோ அமுக்கவிசையையோ மட்டுமே தாங்கும், வளைக்கும் விசை அதன்மீது வராது. வளையத் தேவையில்லாத குழாய் மெல்லியதாக இருக்கலாம் என்பதே இம்முறையின் இரகசியம். டபிள்யூ 194 என்ற உள்குறியீடு பெற்ற அந்தப் பந்தயக் காரின் சட்டகம் முழுவதும் ஏறத்தாழ 50 கிலோ எடையே இருந்தது.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. முக்கோணங்களின் தொடர் எங்கும் அறுபடக் கூடாது. அதிலும் காரின் நடுப்பகுதியில், முன்சக்கரங்களின் சுமையும் பின்சக்கரங்களின் சுமையும் ஒன்றையொன்று எதிர்த்து வளைக்க முயலும் இடத்தில், பக்கவாட்டுச் சட்டம் ஆழமாக இருந்தாக வேண்டும். மேல் குழாய்க்கும் கீழ்க் குழாய்க்கும் இடையிலுள்ள தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளைவை எதிர்க்கும் விறைப்பு கூடுவதால், அத்தூரத்தைப் பாதியாக்கினால் விறைப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். இழந்ததை மீட்கத் தடித்த குழாய்கள் வேண்டும், தடித்த குழாய்கள் வந்தால் எடை திரும்ப வந்துவிடும். சாதாரணக் கதவுக்காகப் பக்கவாட்டில் தரையளவுக்கு ஒரு பெரிய வாசலை வெட்டுவது, எனவே, முழுத் திட்டத்தையே கைவிடுவதற்குச் சமமாக இருந்தது. ஊலன்ஹாட் பக்கச் சட்டத்தை அமர்ந்திருப்பவரின் இடுப்புக்கு மேல் உயரும்படி ஆழமாகவே விட்டுவைத்தார்.

அங்கேதான் சிறகுக் கதவு பிறந்தது. வாசலின் கீழ்ப்பாதியைச் சட்டகம் எடுத்துக்கொண்டபின், சட்டத்தின் மேல்விளிம்புக்கும் கூரைக்கும் இடையில் மிஞ்சியது ஒரு சன்னல் அளவு இடைவெளி மட்டுமே; அதன் வழியாக ஒரு மனிதர் நுழைய முடியாது. இடைவெளியைக் கீழே நீட்ட வழியில்லாதபோது மேலே நீட்டுவது ஒன்றே எஞ்சியது. கூரையின் ஒரு பகுதியையும் சேர்த்து வெட்டி எடுத்தால், ஓட்டுநர் சட்டத்தின் மேல் கால் தூக்கிவைத்து, தலையைக் குனியாமல் உள்ளே இறங்கலாம். அப்படி வெட்டிய துண்டைத் திரும்பப் பொருத்த இயற்கையான இடம் கூரையின் நடுக்கோடுதான். முதலில் உருவான கார்களில் அது கதவு என்று சொல்லத்தக்கதாகவும் இல்லை. சன்னலும் கூரைத்துண்டும் சேர்ந்த ஒரு மூடி, காரின் இடுப்புக்கோட்டோடு நின்றுவிட்டது.

1952 மே மாதம் இத்தாலியில் நடந்த மில்லே மிக்லியா பந்தயத்தின்போது இந்த மூடி, கதவு என்ற விதிக்கு உட்பட்டதா என்ற வினா எழுந்தது. கார்களுக்குக் கதவு வேண்டும் என்று கூறிய விதிகள், அது எத்திசையில் திறக்க வேண்டும் என்று கூறவில்லை. கார்ல் கிளிங் ஓட்டிய கார் அப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது. எனினும் அடுத்த மாதம் பிரான்சில் நடக்கவிருந்த லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் மறுப்பு எழக்கூடாது என்பதற்காக, மூடியின் கீழ்விளிம்பு பக்கவாட்டுத் தகட்டுக்குள் சற்றுக் கீழே இறக்கப்பட்டது. பிற்காலத்தில் உலகம் வியந்து பார்த்த கதவின் உருவம் இவ்வாறு ஒரு தணிக்கை அச்சத்தால் நிலைபெற்றது என்பது சுவையான செய்தி. ஹெர்மன் லாங்கும் ஃபிரிட்ஸ் ரீஸும் அந்த லெ மான் பந்தயத்தை வென்றனர். இரண்டாம் இடமும் அதே வகைக் காருக்கே கிடைத்தது.

நியூயார்க்கில் ஐரோப்பியக் கார்களை இறக்குமதி செய்துவந்த மேக்ஸ் ஹாஃப்மன் வற்புறுத்தியதால், பந்தயக் கார் சாலைக் காராக மறுபிறவி எடுத்தது. 300 எஸ்எல் என்ற பெயரில் அது 1954 பிப்ரவரியில் நியூயார்க் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 1957 வரை 1,400 கார்கள் கட்டப்பட்டன. சட்டகம் சாலைக்கு ஏற்ப வலுவாக்கப்பட்டு 82 கிலோவாகியது. ஆயினும் ஆழமான பக்கச் சட்டம் அப்படியே இருந்ததால் கதவும் அப்படியே இருந்தது. பந்தய ஓட்டுநர் பொறுத்துக்கொண்ட இடர்களைப் பணம் கொடுத்து வாங்கியவர் பொறுக்கமாட்டார் என்பதால், கதவைச் சுற்றி ஒரு சிறு சலுகைப் பட்டியலே உருவாயிற்று. உயர்ந்த கதவடிச் சட்டத்தைத் தாண்டி உட்காரும்போது தொடை சிக்காதிருக்க ஸ்டியரிங் வளையம் கீழ்நோக்கி மடங்குமாறு செய்யப்பட்டது. கதவின் உயரம் குறைவு என்பதால் கண்ணாடி இறங்கி ஒளிய இடமில்லை. சன்னலைத் திறக்க விரும்பியவர் கண்ணாடியைக் கழற்றி இருக்கைக்குப் பின்னே வைக்க வேண்டியிருந்தது. சூடான எஞ்சினுக்குப் பின்னால், திறவாத சன்னல்களுக்கு நடுவே, கோடையில் அமர்ந்திருப்பவரின் நிலையை ஊகிக்கலாம். முன்கண்ணாடிக்கு அருகே உள்ளிழுக்கும் காற்றைக் கூரையின் பின்விளிம்புத் துளைகள் வெளியேற்ற முயன்றன.

இக்காரின் கதவு கட்டாயத்தால் வந்ததே என்பதற்கு மறுக்க இயலாத சான்று, அதே நிறுவனம் 1957இல் வெளியிட்ட திறந்த கூரைக் கார். கூரையே இல்லாதபோது கூரையில் கீல் வைக்க முடியாது. எனவே வழக்கமான கதவுக்கு இடம்கொடுக்கச் சட்டகத்தின் பக்கப்பகுதி தாழ்த்தப்பட்டது. இழந்த விறைப்பை மீட்க மூலைவிட்டக் குழாய்கள் சேர்க்கப்பட்டன. வாங்குவோர் எதிர்பார்த்த வசதி கிடைத்தது. 1963 வரை அவ்வகையில் 1,858 கார்கள் கட்டப்பட்டன, அதாவது சிறகுக் கதவுக் காரைவிட அதிகம். பொறியியல் நோக்கில் பார்த்தால், சிறகுக் கதவின் தேவை ஐந்து ஆண்டுகளில் முடிந்துவிட்டது.

தேவை முடிந்தபின் செலவு மட்டுமே மிஞ்சும். முதற்செலவு கூரையில் தொடங்குகிறது. மூடிய கார் ஒன்றின் முறுக்கு விறைப்பு, அதாவது ஒரு சக்கரமும் அதன் எதிர்மூலைச் சக்கரமும் மட்டும் மேட்டில் இருக்கும்போது உடல் திருகாமல் நிற்கும் வலிமை, பெரிதும் அது ஒரு மூடிய பெட்டியாக இருப்பதால் வருகிறது; மூடியோடு ஒட்டப்பட்ட அட்டைப்பெட்டியைக் கையால் திருக முயன்று, பின் மூடியை அறுத்துவிட்டுத் திருகிப் பார்த்தால் வேறுபாடு உடனே விளங்கும். வழக்கமான காரில் முன்கண்ணாடித் தூணின் உச்சியிலிருந்து பின்தூண்வரை கூரையின் இருபுறமும் ஓடும் நீள்சட்டங்கள் அந்த மூடியின் விளிம்புகளாகும். சிறகுக் கதவு அவற்றை வெட்டிவிடுகிறது. கூரையின் நடுவே ஒற்றை முதுகெலும்பு மட்டும் மிஞ்சுகிறது. மூடிய கூரையின் விறைப்பில் ஒரு பகுதியை இழப்பது போதாதென்று, கதவுகளின் எடையையும் அவற்றைத் தூக்கும் கருவிகளின் விசையையும் தாங்கும் பொறுப்பும் அந்த ஒல்லியான முதுகெலும்பின் மேலேயே விழுகிறது. அதைத் தடிமனாக்கினால் கூடும் எடை முழுவதும் காரின் மிக உயரமான இடத்தில் சேர்ந்து ஈர்ப்பு மையத்தை உயர்த்தும். வளைவுகளில் வேகமாகத் திரும்ப வேண்டிய ஒரு காருக்கு இதைவிடத் தவறான இடம் இல்லை.

அடுத்தது தூக்கும் சிக்கல். பக்கவாட்டில் திறக்கும் கதவு ஈர்ப்புவிசைக்கு எதிராக ஏறக்குறைய எந்த வேலையும் செய்வதில்லை. சிறகுக் கதவை ஒவ்வொரு முறையும் தூக்கியாக வேண்டும். கீலைச் சுற்றிக் கதவின் எடை உண்டாக்கும் திருப்புவிசை, கதவின் எடையும் அதன் ஈர்ப்பு மையம் கீலிலிருந்து கிடைமட்டமாக விலகியிருக்கும் தூரமும் பெருகிய அளவு. எடுத்துக்காட்டாக, 25 கிலோ கதவு ஒன்றின் ஈர்ப்பு மையம் கீலிலிருந்து அரை மீட்டர் தொலைவில் இருந்தால், அது கிடைமட்டத்துக்கு வரும் நிலையில் திருப்புவிசை ஏறத்தாழ 120 நியூட்டன் மீட்டர் ஆகும். இதை ஈடுசெய்யும் தாங்கி, கீலுக்கு 10 சென்டிமீட்டர் அருகில் பொருத்தப்படுமானால், அது 1,200 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 120 கிலோ எடைக்குச் சமமான விசையைக் கூரையின் மீது செலுத்தும். கதவு இலேசாக எழுவதுபோல் தோன்றுவதற்குப் பின்னால் கூரைக்கு நேரும் துன்பம் இது.

இந்த விசையை இன்று பெரும்பாலும் தருவது வாயுத் தாங்கி: உயர் அழுத்த நைட்ரஜன் அடைக்கப்பட்ட உருளைக்குள் தண்டு ஒன்று நகரும் அமைப்பு, பின்கதவு கொண்ட சிறு கார்களிலும் காணக்கூடியது. அதன் நன்மை, நகர்வு முழுவதும் விசை பெரிதாக மாறுவதில்லை என்பது. அதன் தீமை, வாயுவின் அழுத்தம் வெப்பநிலையோடு மாறும் என்பது. 20 பாகை செல்சியஸில் சரியாகச் சமநிலைப்படுத்திய தாங்கி, பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகையில் பத்தில் ஒரு பங்கு விசையை இழக்கும். 40 பாகை வெயிலில் அதே தாங்கி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாகத் தள்ளும். ஐரோப்பியக் குளிர்காலக் காலையில் பாதியிலேயே தொங்கி நிற்கும் கதவும், கோடையில் கையை மீறித் துள்ளி எழும் கதவும் ஒரே காரில் சாத்தியம். ஆண்டுகள் செல்லச்செல்ல வாயு கசிந்து தாங்கி தளர்வதும் உண்டு.

வட அயர்லாந்தில், பெல்ஃபாஸ்ட் அருகே டன்மரியில் 1981இல் உற்பத்திக்கு வந்த டிலோரியன் டிஎம்சி-12 இச்சிக்கலுக்கு அளித்த விடை, கதவின் வரலாற்றிலேயே நுட்பமானது எனலாம். அங்கே முதன்மை வேலையைச் செய்தது வாயுத் தாங்கி அல்ல, முறுக்குத் தண்டு: ஒரு முனை கூரையிலும் மறுமுனை கதவிலும் பிணைக்கப்பட்டு, கதவு மூடும்போது திருகப்பட்டு ஆற்றலைச் சேமிக்கும் எஃகுக் கோல். விமானங்களும் நிலவில் இறங்கிய கலமும் கட்டிய கிரம்மன் நிறுவனம் அதை உருவாக்கியது. சாதாரண வெப்பநிலையில் இத்தனை மெல்லிய கோலை அத்தனை பாகை திருகினால் அது நிரந்தரமாக வளைந்துவிடும் அல்லது காலப்போக்கில் தளரும். திரவ நைட்ரஜனின் கடுங்குளிரில் முன்கூட்டியே திருகிப் பதப்படுத்தியதால், கோல் நெடுங்காலம் தன் விசையைக் காத்தது. கூரையின் குறுகிய இடத்துக்குள் ஒளியும் அளவில், வெப்பநிலையால் பெரிதும் பாதிக்கப்படாத ஒரு வில் கிடைத்தது.

ஆனால் முறுக்குத் தண்டுக்கும் கதவுக்கும் தாளம் பொருந்தவில்லை. தண்டின் திருப்புவிசை அது திருகப்பட்ட கோணத்துக்கு நேர்விகிதமானது; எனவே கதவு முழுதும் மூடியிருக்கும்போது உச்சத்தில் இருந்து, திறக்கத்திறக்கச் சீராகக் குறையும். எடையின் திருப்புவிசையோ எதிர்த்திசையில் நடக்கிறது: மூடிய கதவின் ஈர்ப்பு மையம் கீலுக்குக் கீழும் வெளியிலுமாகத் தொங்குவதால் விசை குறைவாகத் தொடங்கி, கதவு கிடைமட்டத்தை நெருங்கும்போது உச்சத்தை எட்டி, அதன்பின் சற்றே இறங்கும். ஆகவே தொடக்கத்தில் தூக்குவிசை மிகுதி, முடிவில் பற்றாக்குறை. அந்த இறுதிப் பகுதியை நிரப்பவே டிலோரியன் கதவில் ஒரு சிறு வாயுத் தாங்கியும் சேர்க்கப்பட்டது. இரண்டு வெவ்வேறு இயல்புடைய விற்களை ஒரே கீலில் இணைத்து, ஒன்றின் குறையை மற்றொன்றால் மூடும் இத்தீர்வு, அந்நிறுவனத்தின் துயர முடிவையும் அக்கார் இடம்பெற்ற 1985ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் புகழையும் தாண்டி நினைவுகூரத்தக்கது.

அதே காரில்தான் முரணும் தெளிவாகத் தெரிகிறது. லோட்டஸ் நிறுவனத்தார் வடிவமைத்த அதன் சேசிஸ், இரு இருக்கைகளுக்கும் நடுவே ஓடி இரு முனைகளிலும் கவையாகப் பிரியும் எஃகு முதுகெலும்பு. சுமையின் பெரும்பகுதியைக் காரின் நடுக்கோடு தாங்குவதால், 300 எஸ்எல் காரைப்போல உயர்ந்த பக்கச் சட்டம் அதற்குத் தேவையே இல்லை. ஊலன்ஹாட் சட்டகத்திலிருந்து கதவுக்கு வந்தார். ஜார்ஜெட்டோ ஜூஜாரோவின் வரைவில் உருவான டிலோரியன் கதவிலிருந்து தொடங்கிச் சட்டகத்துக்குச் சென்றது. கிரம்மன் தண்டு, ஆகவே, இயற்கையாக எழாத ஒரு கேள்விக்குக் கிடைத்த அருமையான விடை.

விடை அருமையாக அமையாவிட்டால் என்ன நேரும் என்பதைக் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் 1974, 1975 ஆண்டுகளில் உற்பத்தியான பிரிக்லின் எஸ்வி-1 காட்டியது. பாதுகாப்பு வாகனம் என்ற பொருள்தரும் பெயரோடு மால்கம் பிரிக்லின் விற்ற அந்தக் காரின் கதவு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 கிலோ எடை கொண்டது; அதை வில்லால் சமநிலைப்படுத்தாமல் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் உருளைகளால் தூக்க முயன்றனர். இரு கதவுகளுக்கும் ஒரே பம்ப். ஒரு கதவு ஏறும்போது மற்றதை இறக்கப் பொத்தானை அழுத்தினால் பம்புக்கே கேடு. கதவு முழுதும் எழப் பல நொடிகள் ஆயின. பேட்டரி தீர்ந்தால் கதவும் நின்றது. 3,000க்கும் குறைவான கார்களோடு நிறுவனம் மூடப்பட்டது. சமநிலைப்படுத்தாத எடையை மோட்டாரின் வலிமையால் வெல்லலாம் என்ற எண்ணமே இங்கே அடிப்படைப் பிழை: எடையை வில் சுமக்க வேண்டும், மோட்டார் இருந்தால் அது உராய்வை மட்டும் வெல்ல வேண்டும். நான்கு பத்தாண்டுகளுக்குப் பின், விளையாட்டுக் கார் வகையைச் சேராத டெஸ்லா மாடல் எக்ஸ் தன் பின்கதவுகளுக்காக முதலில் ஹைட்ராலிக் முறையையே நாடியது. எண்ணெய்க் கசிவும் மிகை வெப்பமும் கண்டு மின்மோட்டார் முறைக்கு மாற நேர்ந்ததாக அந்நிறுவனமே 2016இல் நீதிமன்றத்தில் கூறியது.

நீரும் கண்ணாடியும் தனித்தனிச் சிக்கல்கள் போலத் தோன்றினும் வேர் ஒன்றே: கதவின் விளிம்பு, செங்குத்தான பக்கத்திலிருந்து கிடைமட்டமான கூரைக்கு வளைந்து ஏறுகிறது. வழக்கமான கதவில் பீடிங் எனப்படும் ரப்பர் பட்டையின் மேல்விளிம்புக்கு மேலே கூரையின் வடிகால் இருப்பதால் மழைநீர் பெரும்பாலும் அதை அணுகுவதில்லை. சிறகுக் கதவின் பட்டையில் ஒரு பகுதி கூரையின் மேலேயே கிடக்கிறது. அங்கே நீர் வழிந்தோடுவதில்லை, தேங்கி நிற்கிறது. கீலை ஒட்டிய பகுதியில் கதவு மூடும்போது பட்டையை நேராக அமுக்காமல் தேய்த்து நகர்வதால், பட்டை விரைவில் தேய்கிறது. மழையில் கதவைத் திறந்தால் கூரையே திறந்ததற்கு ஒப்பு. கண்ணாடியின் நிலையும் இதுவே. கண்ணாடி கதவுக்குள் இறங்க வேண்டுமானால் அதன் வளைவு உருளையின் ஒரு பகுதிபோல் ஒரே சீராக இருக்க வேண்டும். கூரைக்குள் வளைந்தேறும் கண்ணாடி அவ்வாறு இறங்காது. டிலோரியன் இச்சிக்கலை வெல்லவில்லை, தவிர்த்தது: பெரிய கண்ணாடியை அசையாமல் விட்டு, சுங்கச் சாவடியில் காசு நீட்டும் அளவுக்கு ஒரு சிறு கண்ணாடியை மட்டும் இறங்கச் செய்தது.

சிறகுக் கதவின் ஆதரவாளர் ஒரு வாதத்தில் வலுவாக நிற்கிறார்கள். நெருக்கமாகக் கார்கள் நிறுத்தப்பட்ட இடத்தில், ஒரு மீட்டர் நீளமுள்ள வழக்கமான கதவை முழுதும் திறக்க முடியாது. சிறகுக் கதவோ தன் கீலைச் சுற்றி மேலே எழுவதால் பக்கத்தில் மிகக் குறைந்த இடத்தையே கேட்கிறது. டிலோரியன் கதவுக்கு ஏறத்தாழ 11 அங்குலம் போதுமெனச் சொல்லப்பட்டது. வடிவியல் அளவில் இது உண்மை. ஆனால் பக்கத்தில் மிச்சமான இடம் உயரத்தில் செலவாகிறது, தாழ்ந்த கூரையுள்ள கார் நிறுத்தகங்களில் அச்செலவு தெரியும். வாதத்தின் நேர்மையான பயன் மிகச் சிறிய கார்களில்தான் உண்டு. ஜப்பானின் மஸ்தா நிறுவனம் 1992 முதல் 1994 வரை ஆட்டோஸாம் ஏஇசட்-1 என்ற பெயரில் விற்ற, 720 கிலோ மட்டுமே எடையுள்ள, 657 கன சென்டிமீட்டர் எஞ்சின் கொண்ட குட்டிக் காரில், சட்டகத்தின் பக்கங்கள் உயரமாக இருந்தன, கதவும் இலேசாக இருந்தது. 300 எஸ்எல் காரின் தருக்கத்துக்கு, பல ஆடம்பரக் கார்களைவிட அது நெருக்கமானது. கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஹைன்ஸ் மெல்கஸ், வார்ட்பர்க் காரின் மூன்று சிலிண்டர் எஞ்சினோடு 1969 முதல் பத்தாண்டுகளில் கட்டிய 101 சிறகுக் கதவுக் கார்கள், இக்கதவு பணக்கார நிறுவனங்களின் தனிச்சொத்து அல்ல என்பதற்குச் சான்று.

விபத்துப் பாதுகாப்பில் கேள்வி கடுமையாகிறது. கார் கவிழ்ந்து தலைகீழாகக் கிடந்தால் வழக்கமான கதவு வெளிப்புறமாகத் திறக்க வாய்ப்புண்டு. சிறகுக் கதவின் கீலும் கூரைப்பகுதியும் தரையில் அழுந்திக் கிடக்க, அது எழ வேண்டிய திசையில் பூமி இருக்கும். 2009இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 300 எஸ்எல் காரைக் கட்டிய அதே மெர்சிடிஸ் நிறுவனம் வெளியிட்ட எஸ்எல்எஸ் ஏஎம்ஜி இதற்குத் தந்த விடை, கீல்களில் சிறு வெடிமருந்து வைத்த ஆணிகள்: கார் கவிழ்ந்ததை உணரிகள் அறிந்ததும் அவை வெடித்துக் கீல் பிணைப்பைத் துண்டிக்க, கதவையே தள்ளி அகற்றிவிட்டு வெளியேறலாம். பக்க மோதலிலும் ஒரு மாற்றம் வேண்டியிருந்தது. வழக்கமாகத் தலையைக் காக்கும் காற்றுப்பைகள் கூரையின் நீள்சட்டத்திலிருந்து திரைபோல் கீழே விரியும். இக்காரில் அந்த நீள்சட்டமே இல்லாததால், பைகள் கதவின் இடுப்புக்கோட்டிலிருந்து மேல்நோக்கி விரியுமாறு அமைக்கப்பட்டன.

எஸ்எல்எஸ் பல வகையில் முழுமையான சிறகுக் கதவுக் கார். 241 கிலோ எடையுள்ள அலுமினியச் சட்டகம், ஒவ்வொரு கதவிலும் இரண்டு வாயுத் தாங்கிகள், 70 பாகை திறப்பு, இறங்கி ஏறும் கண்ணாடி, தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரமே உள்ள கதவடிச் சட்டம் என முந்தைய குறைகளில் பெரும்பாலானவை அதில் தீர்ந்தன. கதவை மூட மோட்டார் வைக்கவில்லை. வைத்தால் எடை கூடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால் அந்த 45 சென்டிமீட்டரைத்தான் கூர்ந்து நோக்க வேண்டும். கதவடிச் சட்டம் அவ்வளவு தாழ்ந்துவிட்டதென்றால், வழக்கமான கதவுக்கே அங்கு இடம் இருக்கிறது என்று பொருள். 1952இல் கூரை வெட்டப்பட்டது உயர்ந்த சட்டத்தால். 2009இல் சட்டம் தாழ்ந்த பிறகும் கூரை வெட்டப்பட்டது, 1954ஆம் ஆண்டின் நினைவுக்காக.

கட்டாயம் முற்றிலும் மறைந்துவிட்டது என்றும் கூற முடியாது. கார்பன் இழையால் ஒரே தொட்டியாக வார்க்கப்படும் இன்றைய உயர்விலைக் கார்களின் உடலும் ஆழமான பக்கச் சுவர்களையே விரும்புகிறது. இழைகள் அறுபடாமல் ஓடினால்தான் அதன் விறைப்பு கிடைக்கும் என்பதால், ஊலன்ஹாட்டின் கணக்கு வேறு பொருளில் திரும்ப வருகிறது. இத்தாலியின் ஹொராசியோ பகானி 2011இல் வெளியிட்ட ஹுவைரா காருக்காகக் கார்பன் இழையும் டைட்டானியமும் கலந்த பொருளைக் கையாண்டு, கூரையை வெட்டியும் விறைப்பைக் காத்துச் சிறகுக் கதவையே வைத்தார். ஆனால் அதே தொட்டி உடலைக் கொண்ட பிறர் பெரும்பாலும் முன்தூணில் கீல் கொண்ட, மேலும் வெளியுமாக எழும் கதவுக்கே சென்றனர். அவ்வகையில் கீலின் விசை கூரையின் நடுவே செல்லாமல், காரின் மிக வலுவான இடங்களுள் ஒன்றான முன்தூணின் அடிக்குச் செல்கிறது. கவிழ்ந்தாலும் கூரையின் நடுக்கோடு கதவைப் பிடித்துவைப்பதில்லை. சிறகுக் கதவின் பயன்களில் பெரும்பகுதியைத் தந்துவிட்டு, அதன் செலவுகளில் பெரும்பகுதியைத் தவிர்க்கும் மாற்று அது. பொறியியலின் தராசில் தீர்ப்பு அதன் பக்கமே சாய்கிறது.

எஸ்எல்எஸ் உற்பத்தி 2014இல் நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் அதன் இடத்தில் அறிமுகமான மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஜிடி, அலுமினியச் சட்டகத்தைத் தக்கவைத்துக்கொண்டது. அதன் கதவுகள் முன்தூணில் கீல் கொண்டு பக்கவாட்டில் திறக்கும் சாதாரணக் கதவுகள்.